தலைதட்டி

தானியக் கிடங்கில் என் வேலை
ஓர் அரை லிட்டர் பித்தளைக் குவளையோடு.
புனலிலிருந்து பருப்பு தானாக விழவேண்டும்.
தட்டக் கூடாது, குலுக்கக் கூடாது.
வழிந்ததும் மரக்கோலை எடுத்து
மேலே மூன்று நெளிவு, பாம்பு போவதுபோல்.
தலைதட்டிவிட்டு
அப்புறம்தான் தராசு.
நல்ல ஆண்டென்றால் நானூறு கிராம்.
அறுவடையில் மழை பிடித்த ஆண்டு
பத்துப் பதினைந்து குறையும்.
விவசாயி என் முகத்தைப் பார்ப்பார்.
நான் தராசைப் பார்ப்பேன்.

ஜனவரி. சஸ்காச்சுவான். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மைரன் பிலிப்சுக் ஒரு மூட்டையை
என் மேசைமேல் இறக்கினான்.
இருபத்தைந்து கிலோ மசூர் பருப்பு.
'இதில் எத்தனை கப்?'

ஆயிரத்து இருநூறு ஏக்கர் விதைக்கிறவன்.
டன்னில் கேட்டால் தூக்கத்தில் சொல்வான்.
புஷலில் கேட்டால் அவன் அப்பாவின் குரலில் சொல்வான்.
கப் என்று வந்ததும்
வேற்று நாட்டுக் காசைப் பிடித்தவன்போல் நின்றான்.

கர்லிங் அரங்கில் சனிக்கிழமை விருந்து.
நூற்று நாற்பது பேர்.
இருபது வருடமாய் சூப் வைக்கிற ஒரிசியா
முழங்கால் மாற்றிக்கொண்டு சாஸ்கட்டூனில் படுத்திருக்கிறாள்.
அவள் அட்டையில் இருப்பது இவ்வளவுதான்:
பத்துப் பேருக்குப் பருப்பு மூன்று கப்.
உப்பு, பார்த்து.

குவளையில் பாதி ஒரு கப். இருநூறு கிராம்.
மூன்று கப், அறுநூறு.
பதினான்கால் பெருக்கினால்
எட்டுக் கிலோ நானூறு.
எழுதிக் கொடுத்தேன். எனக்கு அது புதிதும் இல்லை.
விருந்துக் கணக்கு என் கையில்தான்;
வருடா வருடம் ஒரிசியாவுக்கு நான் கொடுப்பது
அதே எட்டுக் கிலோ நானூறுக்கான பணம்.

மைரன் தாளை மடிக்கவில்லை.
'அவள் கப் இப்படி இருக்காதே' என்றான்.
நான் நம்பவில்லை. மைரன் கதை அளப்பவன்;
அவன் பிடித்த மீன் ஆண்டுக்கு ஓர் அங்குலம் வளரும்.
ஆனாலும் வண்டியெடுத்துப் போய்
மாவு டப்பாவுக்குள் கிடந்ததைக் கொண்டுவந்தான்.

நீலத் தகர மக். விளிம்பில் எனாமல் உதிர்ந்து
கறுப்பாய் ஒரு பிறை.
போனில் ஒரிசியா, மருந்து மயக்கத்தில்:
'முங்கி எடு. மேலே குவியணும்.
நாலு மணி தரையில் விழணும்,
விழலைன்னா அது கப் இல்லை.'

முங்கி எடுத்தேன். குவிந்தது.
நான்கு அல்ல, ஏழெட்டு மணிகள்
என் சுத்தமான தரையில் ஓடின.
கோலை எடுக்கப் போன கையை
மறு கையால் பிடித்துக்கொண்டேன்.
முந்நூற்றுப் பத்து கிராம்.

நாற்பத்திரண்டு முறை அப்படி என்றால்
பதின்மூன்று கிலோ, கொசுறாய் இருபது கிராம்.
நான் பணம் கொடுத்தது எட்டு நானூறுக்கு.
இடையில் கிடக்கும் நாலரைக் கிலோவை
யார் வீட்டு மூட்டையிலிருந்து சாப்பிட்டோம்?
தொண்ணூற்றிரண்டு கிலோ, இருபது வருடத்தில்.
மூன்று புஷலுக்கும் மேல்.
'லாரியில் ஏற்றும்போதே அதைவிடச் சிந்துவேன்' என்றான் மைரன்.
அவனுக்குச் சிரிப்பு. எனக்கு வரவில்லை.
ஒரு கிராமுக்கு நான் யாரையும் விட்டதில்லை,
இவனையும்.

சனிக்கிழமை பதின்மூன்றையும் போட்டோம்.
பருப்பு ஊதும் என்று தெரியும்,
இவ்வளவு ஊதும் என்று தெரியாது.
இரண்டாவது அண்டா கடன் வாங்கினோம்.
மைரன் உப்பைப் பார்த்துப் போடவில்லை.
ஆனாலும் மிச்சமில்லை;
வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள்
ஐஸ்கிரீம் டப்பாக்களோடு வரிசையில் நின்றார்கள்,
எப்போதும்போல்.
நான் அந்த வரிசையை எந்தக் கணக்கிலும் எழுதியதில்லை.

ராத்திரி ஒரிசியாவை அழைத்தேன்.
'உனக்குத் தொண்ணூற்றிரண்டு கிலோ தரவேண்டும்' என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
யாரோ தள்ளுவண்டி உருட்டிப்போகும் சத்தம்.
'அது எத்தனை கப்?' என்றாள்.

'யாருடைய கப்பில்?' என்றேன்.